கை உடைந்தால் கட்டையே போச்சு! அரும்பாவூர் உளிக்காரர்கள் பெருமை

பெரம்பலூர்:

அமெரிக்காவில் மேட்டல் கம்பெனி 1982-ல் இறக்கிய ‘ஹீ-மேன்’ வீரன் பொம்மைகளைச் சேர்ப்பதற்கென்றே ஆசாமிகள் இருக்கிறார்கள். தலையைக் கழற்றி மாற்றி, வேறு பெயிண்ட் அடித்து, புது வீரனாக்குவார்கள். எல்லாம் அச்சில் வார்த்த பிளாஸ்டிக்!

நம்ம பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூரில் அந்த வேலையே கிடையாது. சாமியோ, வாகனமோ, நீங்கள் சொன்ன அளவில் முதலிலிருந்தே உளி பிடிக்கிறார்கள். மரம் வாகை, மா, வேம்பு. சிலையை ஒரே கட்டையில் குடைவதுதான் பெருமை. கடைசி நாளில் விரல் ஒன்று தெறித்தாலும் அத்தனை உழைப்பும் அடுப்புக்குத்தான்!

2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊர்ச் சரக்கை ‘அரும்பாவூர்’ என்று பொய் சொல்லி விற்றால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை ஜெயில்.

வாங்கப் போகிறீர்களா? வர்ணம் பூசுமுன் பாருங்கள். பூசிவிட்டால் ஒட்டு தெரியாது.