672 பவுண்டில் யாருக்கு எவ்வளவு?

சென்னையில் ஃபிளாட் வாங்கினால் நிலத்தில் பிரிபடாத பங்கும் பத்திரத்தில் ஏறிவிடும். இங்கிலாந்தில் அப்படியில்லை. அங்கே சுமார் 48 லட்சம் வீடுகள் ‘லீஸ்ஹோல்ட்’; அவற்றில் பத்துக்கு ஏழு ஃபிளாட்டுகள். வாங்குபவர் கைக்கு வருவது 99, 125 அல்லது 999 ஆண்டுக் குத்தகை உரிமைதான். நிலமும் கட்டடமும் வழக்கமாக ஃப்ரீஹோல்டருடையவை. கட்டடத்துக்கு இன்சூரன்ஸ் கம்பெனியைத் தேர்ந்தெடுப்பதும் அவரே, அல்லது அவருடைய நிர்வாக ஏஜென்ட். பணம் கட்டுவது மட்டும் ஃபிளாட்காரர்கள். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

ஒரு கற்பனைக் கட்டடத்தை வைத்துக் கணக்குப் போடலாம். 40 ஃபிளாட், எல்லோருக்கும் சம பங்கு. இடிந்தால் திரும்பக் கட்ட 80 லட்சம் பவுண்டு. (விற்பனை விலை இந்தக் கணக்கில் சேராது, லண்டனில் அதில் பெரும்பங்கு மண்ணின் விலை.) ஆயிரத்துக்கு 3 பவுண்டு வீதம்:

பிரீமியம்: 24,000
இன்சூரன்ஸ் வரி, 12 சதவீதம்: 2,880
மொத்தம்: 26,880
ஒரு ஃபிளாட்டுக்கு: 672

சர்வீஸ் சார்ஜ் பில்லில் ‘கட்டட இன்சூரன்ஸ் – 672’ என்று ஒரே வரிதான் இருக்கும். அந்த 24,000-க்குள் 30 சதவீதம், பாலிசியை ஏற்பாடு செய்யும் புரோக்கரின் கமிஷன் என்றால் 7,200 பவுண்டு. பிரீமியத்தின் மேல்தான் வரி என்பதால் கமிஷனுக்கும் வரி உண்டு, 864. ஆக, கமிஷன் வகையில் மட்டும் ஒவ்வொரு ஃபிளாட்டும் 201 பவுண்டு 60 பென்ஸ் கொடுக்கிறது.

30 சதவீதம் நான் கூட்டிச் சொன்னதல்ல. பிரிட்டனின் நிதி நடத்தை ஆணையம் (FCA) 2022-ல் இந்தச் சந்தையை ஆராய்ந்தபோது அந்த அளவு சாதாரணமாகவே இருந்தது. சில இடங்களில் 60-ஐயும் தாண்டியது. புரோக்கர் அதில் ஒரு பகுதியை ஏஜென்ட்டுக்கோ ஃப்ரீஹோல்டருக்கோ திருப்பித் தருவதும் உண்டு. பிரீமியம் ஏறினால் தேர்ந்தெடுப்பவரின் வருமானமும் ஏறும். மலிவான பாலிசி தேட அவருக்கு என்ன அவசரம்?

பிரீமியமும் ஏறத்தான் செய்தது. 2017 ஜூன் 14 அன்று லண்டனில் கிரென்ஃபெல் டவர் என்ற அடுக்குமாடியில் பற்றிய தீயில் 72 பேர் இறந்தார்கள். எளிதில் தீப்பற்றும் வெளிச்சுவர்ப் பலகை எந்தெந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்று தேட ஆரம்பித்ததும் இன்சூரன்ஸ் கம்பெனிகள் பின்வாங்கின. 2016-க்கும் 2021-க்கும் இடையில் அடுக்குமாடிகளுக்கான சராசரி விலை 125 சதவீதம் கூடியது என்பது அதே ஆணையத்தின் கணக்கு. கமிஷன் சதவீதத்தில் இருப்பதால் அதுவும் கூடவே ஏறும். வேலை என்னவோ பழைய வேலைதான்.

2023 டிசம்பர் 31 முதல் ஃபிளாட்காரர்களையும் வாடிக்கையாளர்களாக மதித்து, கமிஷன் விவரத்தை வெளிப்படுத்த வேண்டும் என்பது விதி. 2024-ல் நிறைவேறிய லீஸ்ஹோல்ட் சீர்திருத்தச் சட்டம், கமிஷனை நீக்கி அனுமதிக்கப்பட்ட கட்டணம் மட்டும் வாங்கச் சொல்கிறது. ஆனால் தனி விதிகள் வந்தால்தான் அந்தப் பிரிவுக்கு உயிர்.

மலிவாகவே முடித்தாலும் ஒரு பள்ளம் இருக்கிறது. மேலே சொன்ன கட்டடத்தைத் திரும்பக் கட்ட உண்மையில் 1 கோடி பவுண்டு ஆகும், பாலிசியிலோ 80 லட்சம்தான் என்று வையுங்கள். குழாய் வெடித்து நான்கு மாடி நனைந்து 50,000 பவுண்டு சேதம். காப்பீட்டுத் தொகை குறைந்த அதே விகிதத்தில் இழப்பீட்டையும் குறைக்கும் நிபந்தனை இருந்தால் கம்பெனி 40,000-தான் தரும். மீதி 10,000 ஃபிளாட்காரர்கள் தலையில் விழுந்தால் ஆளுக்கு 250. நனைந்த சோபாவும் டிவியும் இதில் சேர்த்தியில்லை. வீட்டுச் சாமான்களுக்குத் தனி பாலிசி எடுக்க வேண்டும்.

பாலிசியின் சுருக்கத்தை எழுத்தில் கேட்க 1985-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை தருகிறது. 21 நாளுக்குள் தந்தாக வேண்டும். கட்டணம் நியாயமற்றது என்று தோன்றினால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். கேட்கும்போது கமிஷன் எவ்வளவு, திரும்பக் கட்டும் செலவைக் கடைசியாக மதிப்பிட்டது எந்த ஆண்டு என்ற இரண்டையும் சேர்த்தே கேட்பது நல்லது.