சொந்தத் தொழில் – 9: பாதிப் பங்கு, முழுக் கடன்

சென்ற வாரம் பார்த்த தனி உரிமையாளர் தொழிலில் குழப்பமே இல்லை. லாபம் வந்தாலும் உங்களுக்கு, கடன் வந்தாலும் உங்களுக்கு. இரண்டாவது ஆள் உள்ளே வரும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

நம் ஊரில் அந்த இரண்டாவது ஆள் பெரும்பாலும் மச்சானாகவோ கூடப் படித்த நண்பனாகவோ இருப்பார். "நீ பணம் போடு, நான் கடையைப் பார்த்துக்கறேன்" என்று பேசி முடித்து, முத்திரைத் தாளில் ஒரு பார்ட்னர்ஷிப் டீடு அடித்துக் கையெழுத்துப் போடுவார்கள். ஆடிட்டர் பான் கார்டு வாங்கித் தருவார். கரன்ட் அக்கவுன்ட், ஜி.எஸ்.டி. எல்லாம் வந்துவிடும். மாவட்டப் பதிவாளரிடம் நிறுவனத்தைப் பதிவு செய்வதை மட்டும் விட்டுவிடுவார்கள். 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் பதிவைக் கட்டாயமாக்கவில்லை, அதனால் கேட்பாரும் இல்லை.

ஆனால், சட்டம் இங்கே விட்டுப் பிடிக்கிறது. 69-ஆம் பிரிவின்படி, பதிவாகாத நிறுவனம் ஒப்பந்தப்படி தனக்கு வரவேண்டியதைக் கேட்டு வெளியாள்மீது வழக்குப் போட முடியாது. உங்களிடம் சரக்கு எடுத்தவர் எட்டு லட்சம் பாக்கி வைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பில் இருக்கும், டெலிவரி சலான் இருக்கும், வழக்கு நிற்காது. அவர் உங்கள்மீது வழக்குப் போடவோ எந்தத் தடையும் இல்லை! வழக்குப் போட்ட பிறகு ஓடிப்போய்ப் பதிவு செய்தாலும் அந்த வழக்கு பிழைக்காது. பதிவுக்குப் பின் புதிதாகப் போட வேண்டும், அதுவும் காலக்கெடுவுக்குள். 100 ரூபாய்க்கு மேற்படாத சில சிறு வழக்குகளுக்கு விலக்கு உண்டு. 1932-இல் அது பெரிய பணம். இன்று அந்த விலக்கால் யாருக்கும் பயனில்லை.

பதிவு செய்தவர்களும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. பின்னால் தம்பியைப் பங்குதாரராகச் சேர்த்தால், அவர் பெயரைப் பதிவேட்டிலும் ஏற்றியாக வேண்டும்.

டீடில் எழுதாததைச் சட்டமே நிரப்பிக்கொள்ளும். ஒருவர் ஒன்பது லட்சமும் மற்றவர் ஒரு லட்சமும் போட்டிருந்தாலும், பங்கு விகிதம் எழுதவில்லை என்றால் லாபம் சரிபாதி. கடையில் காலை முதல் இரவு வரை நிற்பவருக்குச் சம்பளம் என்று எழுதவில்லை என்றால், சம்பளம் கிடையாது. ஒருவர் இறந்தால் தொழில் தொடரும் என்று எழுதவில்லை என்றால், நிறுவனமே கலைந்துவிடும்.

எல்லாம் எழுதிப் பதிவு செய்தாலும் ஒரு ஆபத்து மிச்சம். 25-ஆம் பிரிவு, நிறுவனத்தின் கடனுக்கு ஒவ்வொரு பங்குதாரரையும் முழுப் பொறுப்பாக்குகிறது. பணம் போட்டுவிட்டு வெளிநாட்டில் இருப்பவரின் வீட்டுக்கும் கடன்காரர் வரலாம்.

2008-இல் வந்த எல்.எல்.பி. (வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை) சட்டம் இதற்கு வழி செய்தது. அதில் உங்கள் பொறுப்பு, போட்ட முதலோடு நின்றுவிடும். பதிலுக்கு, வியாபாரமே நடக்காவிட்டாலும் ஆண்டுதோறும் படிவம் 8, படிவம் 11 இரண்டையும் தாக்கல் செய்தாக வேண்டும். சின்னக் கடைகளுக்கு வசதியான உத்தேச வருமான வரி முறை கூட்டு நிறுவனத்துக்கு உண்டு, எல்.எல்.பி.க்குக் கிடையாது. பிரைவேட் லிமிடெட் என்றால் விற்பனை எவ்வளவாக இருந்தாலும் தணிக்கை கட்டாயம். விசிட்டிங் கார்டில் அழகாக இருக்கும் என்பதற்காக அதைத் தொடங்குபவர்களை என்னால் புரிந்துகொள்ளவே முடிந்ததில்லை. வெளி முதலீட்டாளர் வருகிறார் என்றால் மட்டும் அது சரி.

எதைத் தொடங்கினாலும் ஒன்றை மறக்க வேண்டாம்: வங்கிக் கடனுக்குத் தனிப்பட்ட ஜாமீன் கையெழுத்துப் போட்டுவிட்டால், அந்தக் கடனுக்கு ‘லிமிடெட்’ உங்களைக் காப்பாற்றாது.

இரண்டு பேர் சேர்ந்து, கடனுக்குச் சரக்கு வாங்கி விற்கும் தொழில் என்றால் என் ஓட்டு எல்.எல்.பி.க்குத்தான். ஏற்கெனவே டீடு போட்டவர்கள் இந்த வாரமே அதை பீரோவிலிருந்து எடுங்கள். பதிவுச் சான்று கூட இல்லை என்றால், முதலில் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்வாருங்கள்.