பல தெறிப்புகள், ஒரே படம்

எலுமிச்சைச் சாறு விளம்பரம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். பழம் அந்தரத்தில் நிற்கிறது. தண்ணீர் அதைச் சுற்றிக் கிரீடம்போல எழுந்து விரிகிறது. மேலே திவலைகள் முத்து முத்தாகப் பறக்கின்றன. ஒரே கிளிக்கில் இவ்வளவும் கூடிவருவது அபூர்வம். பழம் ஒரு படம், வலப்பக்கத் தெறிப்பு இன்னொரு படம், மேலே பறக்கும் திவலைகள் வேறு நாலைந்து படங்கள். எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சேர்த்த கூட்டுப்படம் அது.

இதை எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்பவர்கள் போட்டோஷாப்பைப் பற்றித்தான் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால், பாதிக்கு மேற்பட்ட வேலை கேமராவிலேயே முடிந்துவிட வேண்டும். அங்கே கோட்டை விட்டால், கம்ப்யூட்டர் முன் ஒரு வாரம் உட்கார்ந்தாலும் ஒட்டுப்போட்டது தெரியும்.

முதல் வேலை, ஓடும் தண்ணீரை நிறுத்துவது. ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஃப்ளாஷோடு எடுக்கும்போது பெரும்பாலான கேமராக்களில் ஷட்டர் 1/200 அல்லது 1/250 நொடியோடு நின்றுவிடும். பறக்கும் திவலைக்கு அது போதாது. தண்ணீரை நிறுத்துவது ஃப்ளாஷ்தான். கேமரா மேல் மாட்டும் சாதாரண ஃப்ளாஷில், சக்தியைக் குறைக்கக் குறைக்க அது மின்னும் நேரமும் சுருங்கும். 1/64, 1/128 என்று இறக்கிவிட்டால் நொடியில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு நேரமே மின்னும். அறையை இருட்டாக்கிவிட்டு, அந்த ஒரு மின்னலில் படம் எடுக்க வேண்டும்.

இந்த வழி புதிதல்ல. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஹெரால்டு எட்ஜர்டன் 1957இல் எடுத்த பால்துளிக் கிரீடம் உலகப் புகழ் பெற்றது. அவருக்கும் முன்னோடி இங்கிலாந்தின் ஆர்தர் வொர்திங்டன். அவர் ஆரம்பத்தில் பல ஆண்டுகள், மின்பொறியின் வெளிச்சத்தில் கண்ணால் பார்த்த தெறிப்புகளைக் கையால் வரைந்தார். வரைந்ததெல்லாம் பூக்கோலம்போலச் சீராக இருந்தது. பிறகு அதையே படம் பிடித்தபோதுதான், எந்தத் தெறிப்பும் அவ்வளவு ஒழுங்காக இல்லை என்பது தெரிந்தது. ஒரு பக்கம் உயர்ந்திருக்கும், மறுபக்கம் கிழிந்திருக்கும். கூட்டுப்படம் செய்கிறவர்கள் இதை மனசில் எழுதிவைக்க வேண்டும். இடப்பக்கத் தெறிப்பை அப்படியே திருப்பிப் போட்டு வலப்பக்கமும் வைத்தால், பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது. ஆனாலும் படத்தை நம்ப மாட்டார். திருப்பிப் போடும்போது வெளிச்சம் விழும் பக்கமும் மாறிவிடும் என்பது இன்னொரு கேடு.

ஆகவே கேமராவை முக்காலியில் பூட்டுங்கள். விளக்கை நகர்த்தாதீர்கள். பின்னால் கருப்புத் துணி, பக்கவாட்டிலும் சற்றுப் பின்னாலும் இருந்து ஃப்ளாஷ். தண்ணீருக்கு நிறம் கிடையாது. பின்னிருந்து வரும் வெளிச்சம் அதன் ஓரங்களில் வளைந்து மின்னும்போதுதான் உருவமே தெரிகிறது. இப்படி ஐம்பது, நூறு தெறிப்புகள் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். குறைந்தது சிலவற்றில் பழமும் உள்ளே இருக்கட்டும். தண்ணீருக்குப் பின்னால் இருக்கும் பழத்தின் விளிம்பு வளைந்து நெளிந்து தெரியும். அந்த நெளிவைப் பின்னால் வரைந்து கொண்டுவருவது கடினம்.

இனி கம்ப்யூட்டர். தண்ணீரைக் கத்தரிக்கோலால் வெட்டுவதுபோல வெட்டி எடுக்கப் பார்க்காதீர்கள். ஓரமெல்லாம் பிளாஸ்டிக்போல ஆகிவிடும். பழம் உள்ள படத்தை அடியில் வைத்து, தெறிப்புப் படத்தை மேல் லேயராகப் போட்டு, கலக்கும் முறையை ‘ஸ்கிரீன்’ என்று மாற்றுங்கள். இந்த முறையில் கருப்பு மறைந்துவிடும். வெளிச்சம் மட்டும் கீழே உள்ள படத்தோடு சேரும். கண்ணாடிபோன்ற தண்ணீர் கண்ணாடியாகவே வந்து உட்காரும். விலையில்லாமல் கிடைக்கும் கிம்ப் மென்பொருளிலும் இதே வசதி உண்டு.

இங்கே ஒரு சிக்கல் வரும். கருப்புத் துணி நம் கண்ணுக்குக் கருப்பு. கேமராவுக்கு அது அடர்சாம்பல். முழுக் கருப்பைக் குறிக்கும் 0 இருக்க வேண்டிய இடத்தில் 15, 20 என்று இருக்கும். ஸ்கிரீன் போட்டதும் தெறிப்பைச் சுற்றி மெல்லிய புகைபோல ஒரு செவ்வகம் தெரியும். ‘லெவல்ஸ்’ திறந்து, இடப்பக்கக் கருப்பு முனையை மெதுவாக உள்ளே தள்ளுங்கள். புகை மறையும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். மேலும் தள்ளினால் மெல்லிய திவலைகளும் சேர்ந்து போய்விடும். மிச்சத்தை லேயர் மாஸ்க்கில் மென்மையான கருப்பு பிரஷ்ஷால் மறைக்கலாம். அழிப்பானைத் தொட வேண்டாம். மாஸ்க்கில் மறைத்ததை மீட்கலாம், அழித்ததை மீட்பது சிரமம்.

வெள்ளைப் பின்னணிதான் வேண்டுமென்றால் தெறிப்பையும் வெள்ளைக்கு முன்னால் எடுத்து, ‘மல்டிப்ளை’ முறையைப் போடுங்கள். அதில் வெள்ளை மறையும். கருப்பில் எடுத்த தெறிப்பை வெள்ளையில் ஸ்கிரீன் செய்தால் ஒன்றுமே தெரியாது. எனவே பின்னணியை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும்.

பலர் கோட்டை விடும் இடம் அளவு. தண்ணீரின் பரப்பு இழுவிசை சிறு துளியை உருண்டையாக வைத்திருக்கும். பெரியது ஆக ஆக அது தட்டையாகி, உடைந்து சிதறும். மழைத்துளியே பெரும்பாலும் 5, 6 மில்லிமீட்டருக்கு மேல் வளராது. கரண்டித் தண்ணீரின் தெறிப்பை மூன்று மடங்கு பெரிதாக்கிப் பழத்தின் பக்கத்தில் வைத்தால், நெல்லிக்காய் அளவில் உருண்டைத் துளிகள் மிதக்கும். அப்படி ஒரு துளியை யாரும் கண்டதில்லை. பெரிய தெறிப்பு வேண்டுமென்றால் வாளித் தண்ணீரை வீசித்தான் எடுக்க வேண்டும்.

பழத்தையும் மறக்காதீர்கள். சுற்றிலும் தண்ணீர் பறக்கும்போது தோல் உலர்ந்திருந்தால் படம் காட்டிக்கொடுத்துவிடும். கிளிசரினையும் தண்ணீரையும் சரிபாதியாகக் கலந்து தெளித்தால் துளிகள் நெடுநேரம் வழியாமல் நிற்கும்.

வீட்டில் தண்ணீர் நிரப்ப ஒரு மீன்தொட்டி, கருப்புத் துணி, இரண்டு எலுமிச்சம்பழம் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம். ஃப்ளாஷுக்கு பிளாஸ்டிக் உறை போடுங்கள். பிளக்கில் செருகிய விளக்கு எதுவும் தொட்டியின் அருகே வேண்டாம். ஈரக்கையோடு சுவிட்சைத் தொடாதீர்கள்.