நன்றாக இருக்கும்போதே கழற்ற வேண்டிய பெல்ட்

காரில் தேய்கிற பொருள்கள் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் தேய்கின்றன. பிரேக் பேட் முடியப்போகிறது என்றால் கிறீச்சிடும். பேட்டரி படுக்கப்போகிறது என்றால் காலையில் ஸ்டார்ட்டர் முனகும். கிளட்ச் தீர்ந்துவிட்டால் மேட்டில் இன்ஜின் இரைகிற அளவுக்கு வண்டி ஏறாது. டயரைக் குனிந்து பார்த்தாலே போதும். அதனால்தான் “சத்தம் வந்தால் பார்த்துக்கொள்ளலாம்” என்கிற பழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. பல நேரங்களில் அதனால் பெரிய நஷ்டமும் வருவதில்லை.

டைமிங் பெல்ட்டிடம் அந்தப் பழக்கம் பலிக்காது. இன்ஜினின் ஒரு பக்கத்தில், மூடிக்குள், கண்ணில் படாமல் ஓடும் பல் வைத்த ரப்பர் பட்டை அது. வெளியே தெரிகிற ஃபேன் பெல்ட் வேறு, இது வேறு. ஃபேன் பெல்ட் தளர்ந்தால் கத்தும். அறுந்தால் பேட்டரி விளக்கு எரியும். புதிதாக ஒன்று மாட்டினால் வண்டி கிளம்பிவிடும். டைமிங் பெல்ட் நேற்று மாலை வரை குறையில்லாமல் ஓடிவிட்டு இன்று காலை அறுந்துபோகும். அறுந்தால் போவது பெல்ட் மட்டுமல்ல.

அதன் வேலை என்னவென்று பார்த்தால் காரணம் புரியும். ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றை உள்ளே இழுக்கிறது. மேலே ஏறும்போது அதை நசுக்குகிறது. எரிபொருள் எரிந்து தள்ள மறுபடி இறங்குகிறது. திரும்ப ஏறிப் புகையை வெளியேற்றுகிறது. இந்த நான்கு ஓட்டத்துக்குள் கீழே கிராங்க் ஷாஃப்ட் இரண்டு முறை சுற்றிவிடுகிறது. ஆனால் ஒவ்வொரு வால்வும் ஒரு முறைதான் திறக்க வேண்டும். வால்வுகளைத் திறப்பது மேலே இருக்கும் கேம் ஷாஃப்ட். ஆகவே கிராங்க் இரண்டு சுற்று போனால் கேம் ஒரு சுற்று போக வேண்டும். கேமில் உள்ள பல் சக்கரத்துக்குக் கிராங்கில் உள்ளதைப் போல இரண்டு பங்கு பற்கள் இருப்பது இதற்காகத்தான். இந்த இரண்டு சக்கரங்களையும் இணைத்து, கணக்குத் தப்பாமல் ஓட வைப்பது டைமிங் பெல்ட். நிமிடத்துக்கு 3,000 சுற்றில் இன்ஜின் ஓடும்போது ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. அத்தனை முறையும் பிஸ்டன் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருந்தாக வேண்டும்.

இருக்கத் தவறினால் என்ன ஆகும் என்பது இன்ஜினின் அமைப்பைப் பொறுத்தது. திறந்த வால்வு சிலிண்டருக்குள் சில மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும். சில இன்ஜின்களில் பிஸ்டன் உச்சிக்கு வந்தாலும் அதற்கும் திறந்த வால்வுக்கும் நடுவே இடைவெளி மிச்சமிருக்கும். அங்கே பெல்ட் அறுந்தால் வண்டி நின்றுவிடும். வேறு சேதம் வராது. ஆனால் இன்று பெரும்பாலான இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் ஒரே இடத்தை வெவ்வேறு நேரத்தில் பயன்படுத்துகின்றன. காற்றை நன்றாக நசுக்கினால்தான் எரிபொருளிலிருந்து அதிக வேலை கிடைக்கும் என்பதால் மேலே வீணான இடம் விடுவதில்லை. டீசலில் இது இன்னும் கடுமை. அங்கே நசுக்கிய சூட்டிலேயே எரிபொருள் பற்ற வேண்டும் என்பதால் பிஸ்டன் ஏறக்குறைய சிலிண்டர் ஹெட்டைத் தொடுகிற அளவுக்கு வரும். பெல்ட் அறுந்ததும் கேம் அப்படியே நின்றுவிடும். சில வால்வுகள் திறந்த நிலையில் மாட்டிக்கொள்ளும். ஓட்டத்தின் வேகத்தில் இருக்கும் கிராங்க் மட்டும் நிற்காது. பிஸ்டன் ஏறிவந்து வால்வை இடிக்கும். வால்வு வளையும், சில நேரம் பிஸ்டனின் தலையிலும் அடி விழும். மெக்கானிக் “ஹெட்டைக் கழட்டணும்” என்று சொல்வது இந்த இடத்தில்தான். பெல்ட்டுக்கு ஆகியிருக்க வேண்டிய செலவு இன்ஜின் வேலையாகப் பெருகிவிடும்.

இத்தனை பொறுப்பை ஒரு ரப்பர் பட்டையிடம் ஏன் கொடுத்தார்கள்? பழைய கார்களில் இந்தச் சிக்கல் இல்லை. அம்பாசடரின் பெட்ரோல் இன்ஜினிலும் பிரீமியர் பத்மினியிலும் கேம் ஷாஃப்ட் கீழே, கிராங்குக்குப் பக்கத்திலேயே இருந்தது. இரண்டையும் ஒரு குட்டைச் சங்கிலி இணைத்தது. வால்வுகளை நீண்ட தண்டுகள் தள்ளித் திறந்தன. அந்தத் தண்டுகள் கனமானவை. வேகம் கூடினால் அவற்றால் ஈடுகொடுக்க முடியாது. கேமையே மேலே, வால்வுகளின் தலைமாட்டுக்குக் கொண்டுபோனால் இன்ஜின் இன்னும் வேகமாகச் சுற்றும். ஆனால் கிராங்குக்கும் கேமுக்கும் இடையே தூரம் கூடிவிடும். நீண்ட சங்கிலி சத்தம் போடும், எண்ணெய் கேட்கும், விலையும் அதிகம்.

விடை தையல் இயந்திரத்திலிருந்து வந்தது. ஊசி இறங்குவதும் கீழே பாபின் சுற்றுவதும் இம்மி பிசகாமல் ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக, 1940-களில் அமெரிக்காவின் கில்மர் நிறுவனத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் கேஸ் சிங்கர் தையல் இயந்திரத்துக்குப் பல் வைத்த பெல்ட்டை உருவாக்கினார். சாதாரண பெல்ட் வழுக்கும். பல் வைத்தது வழுக்காது. அதைத் தொடர் உற்பத்திக் காரில் முதலில் கொண்டுவந்தது ஜெர்மனியின் டிங்கோல்ஃபிங் ஊரில் இருந்த கிளாஸ் என்ற சிறு நிறுவனம். 1962-இல் வந்த அதன் 1004 மாடல் காரில் கேமை ஓட்டியது பல் பெல்ட். 1966-இல் கிளாஸை பிஎம்டபிள்யூ வாங்கிக்கொண்டது. அதே ஆண்டு ஃபியட் தன் 124 ஸ்போர்ட் காரின் இரட்டைக் கேம் இன்ஜினில் பெல்ட்டைப் போட்டது. சத்தமில்லை, எடையில்லை, எண்ணெய் வேண்டாம், மலிவு என்பதால் அடுத்த சில பத்தாண்டுகளில் பெல்ட் உலகெங்கும் பரவியது.

இந்தியாவில் அதைப் பரவலாகக் கொண்டுசேர்த்தது 1983 டிசம்பரில் வந்த மாருதி 800. 1998-இல் ஶ்ரீபெரும்புதூர் அருகே ஹூண்டாய் தயாரித்த முதல் சான்ட்ரோவிலும், 2012-இல் ஒரகடத்திலிருந்து வந்த ரெனோ டஸ்டர் டீசலிலும் இருப்பது பெல்ட்தான். அம்பாசடர் தலைமுறை ஓட்டுநர்களுக்கு இப்படி ஒரு தேதியைக் குறித்துவைக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. அவர்களிடம் வண்டி பழகியவர்களுக்கும் அந்த வழக்கம் வராமல் போனதில் வியப்பில்லை.

இப்போது பெல்ட்டின் உடம்பைப் பார்ப்போம். வெளியே தெரிவது ரப்பர். பற்களின் மேல் தேய்மானம் தாங்க நைலான் துணி. பலம் இருப்பது உள்ளே, நீளவாக்கில் ஓடும் கண்ணாடி இழை நூல்களில். பெல்ட் நீண்டுவிடாமல் பிடித்துவைப்பவை அவையே. எடுத்துக்காட்டாக ஒரு கணக்கு: பெல்ட்டில் 120 பற்கள், கிராங்க் சக்கரத்தில் 20 பற்கள் என்று வைத்துக்கொண்டால் கிராங்கின் ஆறு சுற்றுக்குப் பெல்ட் ஒரு முறை முழுதாகச் சுற்றிவரும். நிமிடத்துக்கு 2,400 சுற்றில் ஓடினால் அது நிமிடத்துக்கு 400 முறை, மணிக்கு 24,000 முறை. ஆயிரம் மணி நேரத்தில் 2.4 கோடி முறை. ஒவ்வொரு முறையும் பெல்ட்டின் ஒவ்வொரு பகுதியும் கிராங்க் சக்கரத்தின் மேல் வளைந்து, பாரம் தாங்கி, நிமிர்கிறது. கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் ஒரு கட்டத்தில் பட்டென்று முறிவதைப் போல, நூல்கள் உள்ளுக்குள் ஒவ்வொன்றாகக் களைத்து அறுகின்றன. வெளியே ரப்பர் பளபளப்பாகவே இருக்கும். விரிசலோ பிசிறோ கண்ணில் பட்டால் காலம் கடந்துவிட்டது என்று அர்த்தம். படாவிட்டால் பெல்ட் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமாகாது. மூடியைத் திறந்து பார்த்து “இன்னும் பத்தாயிரம் ஓடும்” என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

அதனால்தான் கிலோமீட்டரையும் ஆண்டையும் வைத்துக் கெடு விதிக்கிறார்கள். இன்ஜினுக்கு இன்ஜின் இது மாறும். ஏறக்குறைய 60,000 கிலோமீட்டரில் தொடங்கி லட்சத்தைத் தாண்டியும் போகும். கூடவே ஆண்டுக் கணக்கும் இருக்கும். இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுவே கெடு. வண்டி நின்றாலும் ரப்பர் முதுமை அடைவதால், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கிற காருக்கும் இது பொருந்தும்.

கிலோமீட்டரும் முழுக் கதையைச் சொல்வதில்லை. நெடுஞ்சாலையில் சராசரியாக 60 கி.மீ. வேகத்தில் 60,000 கி.மீ. ஓடிய இன்ஜின் ஆயிரம் மணி நேரம் உழைத்திருக்கும். சென்னை நெரிசலில் சராசரி 20 கி.மீ. வேகத்தில் அதே தூரம் ஓடியது மூவாயிரம் மணி நேரம் உழைத்திருக்கும். சிக்னலில் ஏசி போட்டு நிற்கும்போது மீட்டர் நகராது. பெல்ட் சுற்றிக்கொண்டே இருக்கும், அதுவும் காற்றோட்டமில்லாத சூட்டில். கையேடுகளில் “கடுமையான பயன்பாடு” என்று தனியாக ஒரு பட்டியல் போட்டுக் கெடுவைக் குறைப்பது இதற்காகத்தான். நம் ஊர் நகரங்களில் ஓடும் கார்கள் பலவும் அந்தப் பட்டியலைச் சேர்ந்தவையே.

டொயோட்டாவின் சில டீசல் வண்டிகளில் மீட்டர் பலகையில் “டி-பெல்ட்” என்று ஒரு விளக்கு உண்டு. அது எரிந்தால் பெல்ட் கெட்டுவிட்டது என்றும், எரியாவிட்டால் நன்றாக இருக்கிறது என்றும் பலர் நினைக்கிறார்கள். அந்த விளக்குக்குப் பெல்ட்டின் நிலை தெரியாது. ஓடிய கிலோமீட்டரை எண்ணி, கெடு வந்ததும் எரியும், அவ்வளவுதான். பெல்ட்டை மாற்றியபின் மெக்கானிக் அதைத் திரும்பப் பூஜ்யத்தில் வைக்க வேண்டும்.

மாற்றும்போது பெல்ட்டை மட்டும் மாற்றுவது பாதி வேலை. பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர், வழிகாட்டும் ஐட்லர் சக்கரம் இரண்டுக்கும் உள்ளே பேரிங் உண்டு. அவையும் அதே மணிக்கணக்கில் உழைத்தவை. பேரிங் இறுகினால் புதுப் பெல்ட்டும் அறும். பல இன்ஜின்களில் வாட்டர் பம்பையும் இதே பெல்ட்தான் சுற்றுகிறது. பம்பு பின்னால் கெட்டால் மறுபடி முழுவதையும் பிரிக்க வேண்டும், கூலி இரட்டிப்பாகும். கிராங்க், கேம் ஆயில் சீல்கள் கசிகின்றனவா என்றும் பார்க்க வேண்டும், எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறிக் கெடும். பொருத்தும்போது சக்கரங்களில் உள்ள குறிகள் நேர்ப்பட வேண்டும். ஒரு பல் தள்ளிப்போனாலும் இன்ஜின் தடுமாறும், இழுவை குறையும். நல்ல மெக்கானிக் ஸ்டார்ட் செய்வதற்கு முன் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, குறிகள் மறுபடி ஒத்துவருகின்றனவா என்று சரிபார்ப்பார். கேம் ஒரு முழுச் சுற்று வர அந்த இரண்டு சுற்று வேண்டும்.

ஓடும்போதே அறுந்துவிட்டால்? இன்ஜின் சட்டென்று அணையும். ஸ்டீயரிங் கனக்கும், பிரேக் ஒன்றிரண்டு அழுத்தத்துக்குப் பிறகு கல்லாகும். பதறாமல் ஓரம் கட்டுங்கள். பிறகு சாவியைத் திருப்பும்போது ஸ்டார்ட்டர் வழக்கத்தைவிட லேசாக, தடையில்லாமல் சுற்றினால் உடனே நிறுத்திவிடுங்கள். வால்வுகள் மூடாததால் இன்ஜினுக்குள் அழுத்தம் சேரவில்லை என்பதற்கான அடையாளம் அது. திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்வதும், கியரில் போட்டுத் தள்ளுவதும் மிஞ்சிய வால்வுகளையும் வளைத்துவிடலாம். டோ வண்டியைக் கூப்பிடுவதுதான் மலிவு.

எல்லா காருக்கும் இந்தப் பெல்ட் இல்லை. மாருதியின் கே வரிசை இன்ஜின்களிலும் ஸ்விஃப்ட்டின் 1.3 லிட்டர் டீசலிலும் இருப்பது சங்கிலி. அதற்கு மாற்றும் தேதி கிடையாது. ஆனால் ஆயில் மாற்றும் தேதி உண்டு. அழுக்கு ஆயிலில் சங்கிலி தேய்ந்து நீளும், டென்ஷனர் செயலிழக்கும். அது கடகடக்க ஆரம்பித்தால் அலட்சியம் கூடாது. ஃபோர்டின் 1.0 லிட்டர் ஈகோபூஸ்ட் போன்ற சில இன்ஜின்களில் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது. அங்கே குறிப்பிட்ட தர ஆயிலை விட்டு வேறு எதையோ ஊற்றினால் பெல்ட் துகள் துகளாக உதிர்ந்து ஆயில் பம்பின் சல்லடையை அடைக்கும்.

பழைய கார் வாங்குகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது, அந்த இன்ஜினில் பெல்ட்டா சங்கிலியா என்பதை. பெல்ட் என்றால் மாற்றியதற்கான பில்லைக் கேளுங்கள். வாய்வார்த்தை போதாது. மீட்டரைத் திருப்பியிருக்கலாம் என்பதால் ஓடிய தூரத்தையும் நம்ப முடியாது. பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, அந்தச் செலவை விலையில் பேசிக் கழித்து, வாங்கியவுடன் மாற்றிவிடுங்கள். மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் எழுதி மூடியின் மேல் ஒட்டச் சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும் கழற்றிய பெல்ட்டை மெக்கானிக் உங்கள் கையில் கொடுப்பார். அது புதிதுபோலவே இருக்கும். இதற்கா இவ்வளவு பணம் கொடுத்தோம் என்று மனம் அடித்துக்கொள்ளும். ஆனால் அது அப்படி இருக்கத்தான் வேண்டும். பார்த்தவுடன் பழையது என்று தெரிகிற பெல்ட் கைக்கு வந்திருந்தால், நீங்கள் தாமதித்திருக்கிறீர்கள்.