ரேடியோவில் கை வைக்காதே!

பெரியப்பா எனக்குத் தன் காரைக் கொடுத்தபோது ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டார்.

"சீட்டை மாத்து, டயரை மாத்து, பெயின்ட்கூட அடிச்சுக்கோ. ரேடியோல மட்டும் கை வெக்காதே!"

நான் பி.காம். படித்தவன். கண்டிஷன் என்று ஒன்று வந்தால், அதில் ஓட்டை எங்கே என்றுதான் முதலில் தேடுவேன். கதவில் ஸ்பீக்கர் வைக்கக் கூடாது என்று பெரியப்பா சொல்லவில்லையே!

கார், 1969 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. நான்கு கதவு வைத்த மார்க் த்ரீ. நிற்கும் இடம், சிங்கப்பெருமாள் கோயிலில் பெரியப்பா வீட்டு வாசல். பிறந்த இடமும் தூரத்தில் இல்லை. அதே ஜி.எஸ்.டி. ரோட்டில் சென்னைப் பக்கமாகப் போனால் வண்டலூர் தாண்டி பெருங்களத்தூர் வரும். அங்கேதான் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி இருந்தது. இங்கிலாந்தில் 'டிரையம்ஃப்' என்ற பெயரில் 1959-ல் வந்த ஹெரால்டு, 1961 முதல் இங்கே 'ஸ்டாண்டர்டு' என்ற பெயரில் வந்தது. கம்பெனி கடைசியாக 1985-ல் 'ஸ்டாண்டர்டு 2000' என்ற பெரிய காரை விட்டுப் பார்த்தது, அதோடு படுத்தது. இந்த ரோட்டுக்குக் கார் கம்பெனி ராசி அவ்வளவுதான் போலிருக்கிறது. மறைமலை நகர் ஃபோர்டு தொழிற்சாலையிலும் 2022-ல் உற்பத்தி நின்றது.

ஹெரால்டைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. அதன் பானெட் மட்டும் தனியாகத் திறக்காது. இரண்டு பக்க மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து, முதலை வாயைப் பிளப்பது மாதிரி முன்பக்கமாகச் சாயும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டு எஞ்சினை ரிப்பேர் பார்க்கலாம். லாரி டிரைவர்கள்கூட வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்து வேடிக்கை பார்ப்பார்கள்.

ரேடியோ விஷயத்துக்கு வருவோம். டாஷ்போர்டுக்கு அடியில், கிளாம்ப் போட்டுத் தொங்கும் சின்ன பிலிப்ஸ் பெட்டி. இரண்டு குமிழ். மீடியம் வேவ் மட்டும். எனக்குத் தெரிந்து அது பாடியதே இல்லை.

"இது என்ன ஒரிஜினலா பெரியப்பா? கம்பெனி போட்டதில்லையே, கடையில வாங்கி மாட்டினதுதானே?" என்று மடக்கினேன். நியாயமான கேள்வி. அந்தக் காலத்தில் நம் ஊர்க் கார்கள் பெரும்பாலும் ரேடியோ இல்லாமல்தான் வரும். காரை வாங்கியவர் தனியாகக் கடைக்குப் போய் வாங்கி மாட்டிக்கொள்வார். காரோடு ரேடியோவுக்கும் லைசென்ஸ் உண்டு. போஸ்ட் ஆபீசில் பணம் கட்டி, சின்னப் புத்தகத்தில் ஸ்டாம்ப் ஒட்டி வாங்க வேண்டும். அந்தத் தொல்லை 1980-களில்தான் ஒழிந்தது. (பெரியப்பா அந்தப் புத்தகத்தையும் பத்திரமாக வைத்திருக்கிறார். ஆர்.சி. புக் எங்கே என்று கேட்டால்தான் அரை மணி தேடுவார்.)

பெரியப்பா பதிலுக்கு மலையைக் காட்டினார். எங்கள் ஊர் நரசிம்மர், குன்றையே குடைந்து செய்த மூலவர். அவரைப் பிரதட்சணம் வர வேண்டுமானால் குன்றையே சுற்றி வர வேண்டும். "மலையில இருந்து பெருமாளைப் பிரிக்க முடியுமா? அது மாதிரிதான்டா" என்றார். இதற்கு பி.காம். சிலபஸில் பதில் இல்லை.

அவர் கல்யாணத்துக்குப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வேலையை ஆரம்பித்தேன். ப்ளூடூத், யு.எஸ்.பி., கலர் கலராக லைட் எரிகிற ஒரு ஸ்டீரியோ. தெரிந்த எலெக்ட்ரீஷியன் ஒருவர் வந்தார். டாஷ்போர்டை வெட்டலாம் என்றார். எனக்கே பயமாக இருந்ததால், கிளவ் பாக்ஸுக்குள் செட்டை வைத்துவிட்டு, இடது பக்கக் கதவின் பேடில் ஆறங்குல வட்டம் போட்டு அறுத்தார். ஸ்பீக்கர் உட்கார்ந்தது. வழக்கம்போல கறுப்பு வயரை பாடியிலும் சிவப்பு வயரை சுவிட்சிலிருந்து வரும் லைனிலும் கொடுத்தார்.

பாட்டு வரவில்லை. புகை வந்தது.

காரணத்தைக் கேளுங்கள். இப்போது வருகிற கார்களில் பாட்டரியின் நெகட்டிவ் முனை பாடியோடு சேர்ந்திருக்கும். பழைய இங்கிலாந்து வழிக் கார்கள் பலவற்றில் தலைகீழ்! பாசிட்டிவ்தான் பாடியில். 'பாசிட்டிவ் எர்த்' என்பார்கள். எங்கள் ஹெரால்டு அந்த ஜாதி. புது செட்டை வழக்கமான கலர் பார்த்து மாட்டினால் உல்டாவாகக் கரண்ட் பாயும். சரி, வயரை மாற்றிக் கொடுக்கலாமே என்றால், செட்டின் தகரப் பெட்டியே நெகட்டிவ். அது பாடியில் பட்டால் ஷார்ட். இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய காரில் ஆல்டர்னேட்டர் கிடையாது, டைனமோ. அது தருவது இருபது ஆம்பியர் சுமாருக்கு. ஹெட்லைட், வைப்பர் போக மிச்சத்தில் பெரிய ஆம்ப்ளிஃபயர் ஓட்டினால், மறுநாள் காலையில் தெருவில் நாலு பேரைத் தள்ளச் சொல்லிக் கெஞ்ச வேண்டியதுதான்.

பெரியப்பா வந்தார். கருகிய செட்டைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. கதவைத் திறந்தார். வட்டமான ஓட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தார்.

"உங்க பெரியம்மா சாஞ்சுக்கற பக்கம்டா இது" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

பெரியம்மா காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. அன்று ராத்திரி திண்ணையில்தான் மீதியைச் சொன்னார். 1987 டிசம்பர் 24. எம்.ஜி.ஆர். இறந்துவிட்டார் என்று விடிகாலையிலேயே தெருவில் பேச்சு. நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை. அந்த நேரம் பார்த்துத் தெருவில் கரண்ட் இல்லை. பெரியம்மாதான் காரின் நாலு கதவையும் திறந்து வைத்து ரேடியோவைப் போடச் சொன்னாராம். தெருவே ஹெரால்டைச் சுற்றி நின்று செய்தி கேட்டது. பாட்டரி தீர்ந்து போகும்வரை பெரியம்மா அதை நிறுத்த விடவில்லை. மற்ற நாட்களில் அவர்கள் போகும் இடம் மாமல்லபுரம். உப்புத் தண்ணீருக்கு மேல் மீடியம் வேவ் நன்றாகப் பயணம் செய்யும் என்பதால், கடலை நெருங்க நெருங்க இலங்கை வானொலி பக்கத்து வீட்டில் பாடுவது மாதிரி கேட்குமாம்.

மறுநாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு செங்கல்பட்டு போனேன். (கை வைக்காதே என்றவர்தான் ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக் கொடுத்தார்.) டி.வி. ரிப்பேர் செய்யும் ஒரு பெரியவர் திறந்து பார்த்துவிட்டு, "கன்டென்ஸர் நாலு காஞ்சு போச்சு. ஸ்பீக்கர் பேப்பர் கிழிஞ்சிருக்கு. மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி" என்றார். ஐம்பது வருஷப் பெட்டிக்கு வந்த வியாதி அவ்வளவுதான்! பில் 850 ரூபாய். கருகிப் போன செட்டின் விலையை இங்கே எழுதப் போவதில்லை. என் மனைவியும் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறாள்.

அவரே ஒரு யோசனையும் சொன்னார். வால்யூம் கன்ட்ரோலுக்கு முன்னால் ஒரு வயரைப் பற்ற வைத்து வெளியே விட்டால், செல்போன் பாட்டு பழைய ஸ்பீக்கரிலேயே வரும். வேண்டாம் என்றால் பற்றவைத்ததை எடுத்துவிடலாம், தழும்புகூடத் தெரியாது. ஒரே ஒரு எச்சரிக்கை: பாசிட்டிவ் எர்த் காரில் அப்படிப் பாட்டுக் கேட்கும்போது, அதே போனைக் கார் சார்ஜரிலும் சொருகக் கூடாது. மறுபடி ஷார்ட்!

சட்டமும் ரேடியோவைப் பற்றி அலட்டிக்கொள்ளவில்லை. 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, ஐம்பது வருஷம் தாண்டிய வண்டியை 'வின்டேஜ்' என்று பதியலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பத்து வருஷம் செல்லும். சேஸிஸ், பாடி, எஞ்சின் பெரிதாக மாறியிருக்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை. தினப்படி ஓட்டத்துக்கு அந்த வண்டியை எடுக்க முடியாது என்பதால் பெரியப்பா அந்தப் பக்கமே போகவில்லை. "காய்கறி வாங்கப் போகாத கார் என்னடா கார்?"

போன மாதம் ஒரு சாயங்காலம், கோயில் வாசலில் மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் கிளம்பினோம். நான் ஸ்டீயரிங்கில், பெரியப்பா இடது பக்கம். வழியெல்லாம் கரகர சத்தம்தான். எல்.இ.டி. விளக்கும் போன் சார்ஜரும் நிறைந்த காலத்தில் மீடியம் வேவ் வேறு எப்படி இருக்கும்? கடற்கரைப் பக்கம் திரும்பியதும் சத்தம் குறைந்தது. பெரியப்பா குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். ஆகாசவாணியில் யாரோ வயலின் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

மெதுவாகக் கேட்டேன்: "நல்லா இருக்கா பெரியப்பா?"

"நல்லாத்தான்டா இருக்கு" என்றார், கதவு ஓட்டையைத் துண்டால் அடைத்துக்கொண்டே. "இந்தப் பக்கம்தான் கொஞ்சம் காத்து வருது."