வைக்கோல் வண்டியில் மணல் மலை ஏறும் குடும்பங்கள்! கையை வெளியே நீட்டினால் போச்சு!

பெண்டாட்டி, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு 300 அடி உயர மணல் மலையில் வண்டி விடுகிறார்கள். சிரித்துக்கொண்டே ஏறுகிறார்கள். இறங்கும்போதுதான் இருக்கிறது சங்கதி!

இடம்: அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் தென்கிழக்கு மூலை. மெக்சிகோ எல்லை வரை சுமார் 40 மைல் நீளத்துக்கு மணல், மணல், மணல்! 'கிளாமிஸ்' என்றால் அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அக்டோபர் பிறந்ததும் கூட்டம் தொடங்கும். நவம்பர் மாத 'நன்றி தெரிவிக்கும் நாள்' லீவில் ஒரு லட்சம் பேருக்கு மேல் கூடுவதுண்டு.

கழுதை வண்டி!

வண்டியின் பெயர் 'சைடு-பை-சைடு'. டிரைவரும் பக்கத்து ஆளும் தோளோடு தோள் உட்காருவதால் இந்தப் பெயர். ஜீப்புக்குத் தம்பி மாதிரி இருக்கும். தலைக்கு மேல் இரும்புக் கூண்டு, பின்னால் சாமான் தொட்டி. பண்ணையில் வைக்கோல் கட்டு, வேலிக் கம்பம் ஏற்றத்தான் இதைச் செய்தார்கள். 1988-ல் கவாசாகி கம்பெனி விட்ட வண்டிக்குப் பெயரே 'மியூல்'. கோவேறு கழுதை என்று அர்த்தம். கழுதையைப் பந்தயத்தில் விட்டால்?

பந்தயத்துக்கென்றே செய்த வண்டி அகலம். குடும்ப வண்டி ஒடுக்கம், உயரம். தொட்டியில் ஐஸ் பெட்டியும் தண்ணீர் கேனும் ஏற்றினால் கனம் இன்னும் மேலே போகிறது.

உச்சிக்குப் பின்னால் பள்ளம்!

மணல் மேட்டுக்கு இரண்டு முகம். காற்றடிக்கும் பக்கம் சாய்வு. மறுபக்கம் வெட்டிவிட்ட மாதிரி சரிவு. கீழிருந்து வருகிறவன் கண்ணுக்கு உச்சி மட்டும்தான் தெரியும். வேகமாக வந்தால் வண்டி பறக்கும். எதிர்ப்பக்கம் இன்னொருவன் ஏறிக்கொண்டிருந்தால் கேட்கவே வேண்டாம்! அதனால்தான் தரையிலிருந்து 8 அடி உயரத்தில் கொடி பறக்க வேண்டும் என்று அங்கே சட்டம். பழகாத மேடு என்றால் ஒரு ஆள் நடந்து போய் எட்டிப் பார்ப்பது நல்லது.

இறங்கும்போது நேராக இறங்கணும். குறுக்கே போனால் கீழ்ப்பக்க டயர் புதையும், வண்டி உருளும். சாய ஆரம்பித்தால் ஸ்டீயரிங்கைப் பள்ளத்துப் பக்கம் ஒடித்து, ஆக்சிலேட்டரை லேசாக மிதிக்கணும். ஆனால் கால் பிரேக்கைத்தான் தேடும். கை தரையில் ஊன்றப் போகும். அந்தக் கை கூண்டுக்கு அடியில் நசுங்கும்!

46 பேர் பலி!

யமஹாவின் 'ரைனோ' வண்டி பற்றி 2009-ல் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு கமிஷன் வெளியிட்ட தகவல் வயிற்றைக் கலக்குகிறது. விசாரித்த விபத்துகளில் 46 பேர் சாவு. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வண்டி கவிழ்ந்த கேஸ். பல பேர் பெல்ட் போடவில்லை. மெதுவாக, அதுவும் சமதரையில், திரும்பும்போது கவிழ்ந்தவை பல! பிறகு அந்த வண்டிகளின் பின்சக்கரங்களை அகலப்படுத்தி இலவசமாக ரிப்பேர் செய்து கொடுத்தார்கள்.

2013 முதல் கலிபோர்னியாவில் வண்டியில் ஏறும் எல்லோருக்கும் ஹெல்மெட், பெல்ட் கட்டாயம். முதுகு சீட்டில் சாய்ந்தபடி கைப்பிடியைப் பிடிக்க எட்டாத பிள்ளைக்கு இடம் கிடையாது. எவ்வளவு அழுதாலும் அது கூடாரத்தில் பாட்டியோடுதான்!