திகதி இல்லாத துக்கம்

வேலை முடித்த களைப்போடு பல நாடுகளில் இருந்து திரைக்கு முன்னால் வந்து அமர்ந்திருக்கிறீர்கள். நான் மனநல ஆலோசகர் அல்ல. தாதியக் கல்வியில் டிப்ளோமா முடித்து, முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்பவள். கொஞ்சம் எழுதுபவள். இன்று அமெரிக்கக் குடும்பச் சிகிச்சையாளர் போலின் பாஸ் 1999இல் எழுதிய ‘ஆம்பிகுவஸ் லாஸ்’ என்ற புத்தகத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். அதற்கு முன் எங்கள் வீட்டுச் சண்டை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

2009 ஏப்ரலுக்குப் பிறகு என் அண்ணனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. சில வருடங்கள் கழித்து, நவம்பர் 2ஆம் திகதி, இறந்தவர்களை நினைக்கும் நாளில், அண்ணனின் பெயருக்குப் பூசை ஒப்புக்கொடுக்க அப்பா விரும்பினார். “உயிரோட இருக்கிற பிள்ளைக்கு என்னெண்டு செத்தவீட்டுப் பூசை குடுப்பியள்?” என்று அம்மா கேட்டார். “இருந்தா ஒரு கடிதமாவது வந்திருக்காதோ?” இது அப்பா. அதன் பிறகு இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு என்னோடு தனித்தனியாகத் தொலைபேசியில் பேசினார்கள்.

நான் அப்பாவின் பக்கம் நின்றேன். எலிசபெத் குப்ளர்-ரோஸ் 1969இல் எழுதிய ஐந்து நிலைகளைத் தாதியப் பயிற்சியில் மனப்பாடம் செய்திருந்தேன்: மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு. அம்மா முதல் படியிலேயே நிற்கிறார், அவரை ஐந்தாம் படிக்கு இழுத்துவர வேண்டும் என்று நினைத்தேன். அந்த நிலைகள் சாகப்போகிற நோயாளிகளோடு பேசி எழுதப்பட்டவை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. “ஏற்றுக்கொள்ளுங்கோ அம்மா” என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! எதை ஏற்றுக்கொள்வது என்று அவர் ஒருமுறை திருப்பிக் கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

பாஸ் சொல்லும் இழப்பை ‘முடிவு தெரியாத இழப்பு’ என்று நான் தமிழில் சொல்லிக்கொள்கிறேன். வீட்டில் இருந்தும் மனதால் வேறெங்கோ இருக்கிற தகப்பன்மாரைப் பற்றிய ஆய்வில் அவர் தொடங்கினார். பிறகு 1970களில், வியட்நாம் போரில் விமானத்தோடு காணாமற்போன வீரர்களின் குடும்பங்களிடம் போனார். இப்படி இரண்டு வகை தெரிந்தது. ஒன்றில் ஆள் இல்லை, ஆனால் மனதில் இருக்கிறார். மற்றதில் ஆள் முன்னால் இருக்கிறார், ஆனால் நமக்குத் தெரிந்த அந்த ஆள் இல்லை.

இரண்டாவதை நான் வேலையில் தினமும் பார்க்கிறேன். பின்னேரம் மூன்று மணிக்கு ஒரு கணவர் வருவார். மறதி நோயில் இருக்கிற மனைவி அவரைத் தன் தம்பி என்று நினைத்துப் பேசுவார். முதல் சில மாதங்கள் அவர் திருத்திக்கொண்டே இருந்தார். இப்போது தம்பியாகவே இருந்து தேநீர் குடித்துவிட்டு, கார் தரிப்பிடத்துக்குப் போய் அழுவார். அவர் விதவரா? இல்லை. கணவரா? அதுவும் முழுதாக இல்லை. இந்த இழப்புக்குச் சாவுவீடு கிடையாது, சாப்பாடு கொண்டுவரும் அயலவரும் கிடையாது.

மனவடு என்றதும் நாம் பெரும்பாலும் 1980இல் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டுக்குள் வந்த பி.டி.எஸ்.டி.யைத்தான் நினைக்கிறோம். நடந்து முடிந்த கொடுமை ஒன்று, முடிந்த பிறகும் உடலில் திரும்பத் திரும்ப நடப்பது அது. முடிவு தெரியாத இழப்போ இன்னும் முடியவே இல்லை. இன்று காலையும் நடந்தது, நாளையும் நடக்கும். எனவே பழுது ஆளின் மூளையில் இல்லை, சூழ்நிலையில் இருக்கிறது என்கிறார் பாஸ். இந்த ஒரு வரியில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நெடுநேரம் இருந்தேன். என் அம்மாவுக்குப் பைத்தியமில்லை.

ஒரே வீட்டில் ஒருவர் இறந்துவிட்டார் என்றும் மற்றவர் இருக்கிறார் என்றும் நம்பும்போது குடும்பம் உறைந்துபோகிறது. கலியாணம் தள்ளிப்போகும், காணி விற்கப்படாது, பொட்டு வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் ஒரு பெண் கண்ணாடி முன் நிற்பாள். பாஸ் இங்கே யாரையும் ஒரு கட்சிக்கு இழுப்பதில்லை. ‘இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்’ என்ற இரண்டையும் ஒன்றாகப் பிடித்திருக்கப் பழக்குகிறார். முழுதாக முடித்து மூடிவிடுதல் என்பதையே அவர் நம்புவதில்லை. 2001 செப்டம்பருக்குப் பிறகு நியூயோர்க்கில் உடல் கிடைக்காதவர்களின் குடும்பங்களைத் தனித்தனியாக அறைக்குள் அழைக்காமல், பல குடும்பங்களைச் சேர்த்து உட்காரவைத்தார். பிள்ளைகள் ஓடி விளையாட, பெரியவர்கள் பேசினார்கள்.

இலங்கையிலும் 2016இல் சட்டம் திருத்தப்பட்டு, மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆள் காணக்கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழைப் பெற வழிவந்தது. அதை வாங்க மறுக்கும் தாய்மார் உண்டு. எனக்கு அந்த மறுப்பும் புரிகிறது. 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் கேட்பது ஆறுதல் அல்ல, பதில். நிச்சயமின்மையோடு வாழப் பழகுங்கள் என்று அவர்களிடம் சொல்வது, பதில் சொல்லவேண்டியவர்களுக்கு வசதியாகிவிடும். வியட்நாமில் தொலைந்த விமானி விழுந்த இடம் யாருக்கும் தெரியாமல் இருந்திருக்கலாம். எங்கள் பிள்ளைகளில் பலர் கண்ணெதிரே கையளிக்கப்பட்டவர்கள். பாஸின் புத்தகத்தை நாங்கள் வாசிக்கும்போது இந்த வித்தியாசத்தை விட்டுவிடக் கூடாது.

புத்தகத்தின் தொடக்கத்தில் அவருடைய தகப்பன் வருகிறார். சுவிட்சர்லாந்தில் இருந்து விஸ்கொன்சினுக்கு வந்தவர், ஊரில் இருந்து கடிதம் வந்தால் முகம் வாடிவிடுகிறவர். ஊர் அங்கேயே இருக்கிறது, தாய் அங்கேயே இருக்கிறார், ஆனால் இவருக்கு இல்லை. பாஸ் தன் வேலையின் வேரை அந்த முகத்தில் காண்கிறார். இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற உங்களில் பலருக்கு அந்த முகத்தைத் தெரிந்திருக்கும்.

அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். “அண்ணா இருக்கலாம் அம்மா, இல்லாமலும் இருக்கலாம், எனக்கும் தெரியாது” என்றேன். மறுமுனையில் நெடுநேரம் சத்தமில்லை. பிறகு, “நீ இப்பத்தான் உண்மை கதைக்கிறாய்” என்றார். அப்பாவிடமும் அதையே சொன்னேன். அவர் மனம் மாறவில்லை. மாற வேண்டும் என்று நானும் கேட்கவில்லை.

வழி காட்டியவர் பங்குத் தந்தைதான். நவம்பரை விட்டுவிட்டு, அண்ணன் பிறந்த நாளில் பூசை வைத்தார். ஆத்தும இளைப்பாற்றி என்ற சொல்லைச் சொல்லவில்லை. அண்ணனின் பெயரைச் சொல்லி, அவருக்காகவும் அவரைத் தேடும் குடும்பத்துக்காகவும் என்று மட்டும் வாசித்தார். அப்பா அதை இறந்தவருக்கான பூசையாகக் கேட்டார். அம்மாவுக்கு அது பிறந்தநாள் பூசை. போகும்போது தனித்தனியாகப் போனவர்கள், வரும்போது ஒரே ஓட்டோவில் வந்தார்கள் என்று தங்கை சொன்னாள்.